இரண்டாம் மதிப்பீட்டாளர்

19.01.2023

பத்து நாளைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. விடிந்ததிலிருந்து குடம், டிரம், மாடித் தொட்டி என்று ஓடி முட்டி வலி கண்டுவிட்டது. ஆய்வு மையத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதம்.

ஓர் ஆய்விதழிலிருந்து மதிப்பீட்டுக்குக் கட்டுரை வந்திருக்கிறது. மூன்று வாரம் கெடு; மதிப்பிடுவது யார் என்பது எழுதியவருக்குத் தெரியாது. எழுதியவர் எஸ். தனசிங், தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். கூடவே அவருடைய நெறியாளர் பெயர். இரண்டும் கேள்விப்படாத பெயர்கள். பொருள் மட்டும் என்னுடையது: சூரியனும் இரவொளி மேகங்களும்.

நம் பக்கத்தில் இதை ஆராய்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். எல்லோரையும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

24.01.2023

பீளமேட்டில் ஒரு பள்ளியில் பேச்சு. பிள்ளைகளுக்குச் சொன்னதைக் குறித்து வைக்கிறேன், அடுத்த முறைக்கு உதவும்.

தரையிலிருந்து எண்பத்து மூன்று கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களை ஒட்டி, கோடையில் மட்டும் ஒரு மேகம் உண்டாகிறது. அங்கே குளிர் மைனஸ் நூற்று முப்பது டிகிரிக்கும் கீழே. காற்று இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் இருக்கும். அந்தக் காற்றிலும் பத்து லட்சத்தில் ஐந்தாறு பங்குதான் நீராவி. அது பனித்துகளாகி, சூரியன் அடிவானத்துக்குக் கீழே போன பிறகும் வெள்ளியும் நீலமுமாக மின்னும். சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில் அதன் புற ஊதாக் கதிர் நீர் மூலக்கூறுகளை உடைத்துவிடும். நீராவி குறையும், மேகமும் குறையும். சூரியன் அடங்கினால் மேகம் கூடும். சுமார் பதினொரு ஆண்டுக்கு ஒரு சுற்று.

ஒரு பெண் எழுந்து, “மிஸ், நீங்க அதப் பாத்திருக்கீங்களா?” என்றாள். இல்லை என்றேன். வகுப்பே சிரித்தது.

பிள்ளைகளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. இருபது ஆண்டாக மேகம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சூரியன் ஏறினாலும் முன்போலக் குறைவதில்லை. துறையில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதில்தான் சண்டை.

03.02.2023

தனசிங் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆங்கிலம் சுமார். எழுத்துப் பிழைகள் பதினான்கு.

முதல் பக்கத்திலேயே என் பெயரைப் போட்டு, ‘சாந்தாமணி 2009இல் எதிர்பார்த்தது நடக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறார். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்.

அவர் செய்திருப்பது இது. சூரியன் தன்னைத் தானே சுற்ற ஏறக்குறைய இருபத்தேழு நாள். அதன் முரட்டு முகம் சில நாள் நம்மைப் பார்க்கும், பிறகு திரும்பிக்கொள்ளும். ஒரே கோடைக்குள் இந்த இரண்டு வகை நாட்களையும் பிரித்து மேகத்தை அளந்திருக்கிறார். ஒரு கோடைக்குள் வேறெதுவும் பெரிதாக மாறாது என்பதால் சூரியனின் பங்கு மட்டும் தனியே தெரிகிறது. அதைப் பதினொரு ஆண்டுச் சுற்றுக்கு நீட்டிப் பார்த்து, சூரியன் இன்னும் மேகத்தை அழித்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் கீழிருந்து கூடுதலாக ஏறும் நீர் அதை மறைக்கிறது என்கிறார். நாம் பூமியில் பெருக்கும் மீத்தேன் மேலே போய் நீராகிறது அல்லவா, அந்த நீர்.

இருபத்தேழு நாள் என்பது பழைய விஷயம்தான். அதை இப்படிப் பயன்படுத்தியதை நான் பார்த்ததில்லை.

இரண்டு வகை நாட்களையும் பிரித்துக் காட்டும் வரைபடம், படம் நான்கு, நன்றாக இருக்கிறது.

08.02.2023

மதிப்பீட்டை அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு செயற்கைக்கோளின் தரவு, புள்ளியியல் சோதனை போதாது, கணினி மாதிரியோடு ஒப்பிடவில்லை. மூன்றும் நியாயமான காரணங்கள். வேறு சிலவும் எழுதினேன். நிராகரிக்கலாம் என்று பரிந்துரை.

வீட்டில் இட்லி மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றினேன்.

27.02.2023

இதழாசிரியரின் முடிவு எனக்கும் நகலாக வந்தது. முதல் மதிப்பீட்டாளர், சிறு திருத்தங்களோடு வெளியிடலாம் என்று எழுதியிருக்கிறார். இரண்டாம் மதிப்பீட்டாளர் (நான்) அழுத்தமாக எழுதியதால் கட்டுரையைத் திருப்பி அனுப்புவதாகக் குறிப்பு.

முதல் ஆள் மேம்போக்காகப் படித்திருக்க வேண்டும்.

14.03.2023

எங்கள் மையத்து இளம் ஆய்வாளர் நூருன்னிசாவைக் கூப்பிட்டு இருபத்தேழு நாள் ஆய்வு ஒன்றைத் தொடங்கச் சொன்னேன். மூன்று செயற்கைக்கோள்களின் தரவு, கணினி மாதிரி எல்லாம் சேர்த்து. வெகு நாளாக மனதில் இருந்ததுதான். ஐந்தாண்டு ஆய்வுத் திட்டத்துக்கான விண்ணப்பத்தை ஏப்ரலுக்குள் திருத்தித் தர வேண்டும். பழைய கருத்தையே வைத்துக்கொண்டு போனால் கிடைக்காது.

09.06.2023

நூருன்னிசா கெட்டிக்காரி. பிஎச்டி முடித்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது, மூன்று மாதத்தில் முடித்துவிட்டாள். விடை தெளிவாக வந்திருக்கிறது. சூரியனின் பங்கு ஒவ்வொரு கோடையிலும் நிற்கிறது.

“மேடம், இந்த ஐடியா உங்களுக்கு எப்படித் தோணுச்சு?” என்று கேட்டாள்.

“குளிச்சுட்டு இருக்கறப்ப” என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

16.11.2023

கட்டுரை வெளிவந்தது. நூருன்னிசா முதல் பெயர், நான் இரண்டாவது. திட்டமும் கிடைத்துவிட்டது. மையத்தில் எல்லோருக்கும் மைசூர்பா.

எங்க வீட்டுக்காரர் தங்கவேலு பத்திரிகைச் செய்தியை வெட்டிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். “எம் பொண்டாட்டி எம்பது கிலோமீட்டரு ஒசரத்துல இருக்கறா, நாந்தான் கீழ நின்னு மோட்டார் போடறேன்” என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம்.

11.03.2024

தனசிங்கிடமிருந்து மின்னஞ்சல்.

வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். தாமும் இதே வழியில் முயன்றதாகவும், ஓரிடத்தில் நிராகரிக்கப்பட்டதாகவும், திருத்தி இன்னொரு இதழுக்கு அனுப்பியபோது ‘இது ஏற்கெனவே சாந்தாமணி குழுவினரால் செய்யப்பட்டது’ என்று திருப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். குற்றச்சாட்டு இல்லை, கோபம் இல்லை. பழைய கட்டுரையை இணைத்து, ‘நேரம் கிடைத்தால் பார்த்து, இதில் நான் எங்கே தவறினேன் என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்’ என்று முடித்திருக்கிறார்.

இணைப்பை நான் திறக்கவில்லை.

22.03.2024

தனசிங்குக்குப் பதில் எழுதினேன். ‘வாழ்த்துகள். தொடர்ந்து முயலுங்கள்.’

12.05.2024

பெரிய சூரியப் புயல். லடாக்கில் வானம் சிவந்த படங்கள் எல்லோர் கைப்பேசியிலும். தொலைக்காட்சியிலிருந்து பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று நூருன்னிசாவை அனுப்பினேன். நன்றாகப் பேசினாள். “இந்த யோசனை எங்க மேடத்தோடது” என்று ஓரிடத்தில் சொன்னாள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

08.07.2024

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். எஸ். தனசிங்கின் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குப் புறத்தேர்வாளராக என்னை நியமித்திருக்கிறார்கள். அவருடைய நெறியாளர் பேராசிரியர் சவரிமுத்து கொடுத்த பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருக்கிறதாம். மறுத்திருக்க வேண்டும். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஒப்புதல் அனுப்பினேன்.

19.08.2024

இன்னொரு தேர்வாளர் வடநாட்டுக்காரர். அவருடைய அறிக்கை போய்ச் சேர்ந்திருக்கிறது. ஐந்தாம் இயல் முழுதும் சாந்தாமணி குழுவின் 2023 கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது, கருத்துத் திருட்டு, விசாரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

பல்கலைக்கழகம் என் கருத்தைக் கேட்கிறது. ‘பாதிக்கப்பட்டவர் என்ற முறையில்’ என்று கடிதத்தில் இருக்கிறது.

பாதிக்கப்பட்டவர்.

21.08.2024

சாப்பாடு இறங்கவில்லை. பித்தம் என்று சொல்லி வைத்தேன். வீட்டுக்காரர் இஞ்சியைத் தட்டிக் கொடுத்தார்.

23.08.2024

சவரிமுத்து தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெறப் போகிறவர்.

“மேடம், அவன் அப்படிப்பட்ட பையன் இல்ல. நாப்பத்தோரு வயசாச்சு, இன்னும் எனக்கு முன்னால உக்கார மாட்டான். பேப்பர் திரும்பி வந்த மெயில கமிட்டில காட்டினான். அதுல தலைப்பும் ரிவ்யூவர் கமென்ட்டும்தானே இருக்கு, உள்ள என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்னுட்டாங்க. அஞ்சாவது சாப்டர எடுத்துட்டா விட்டுருவாங்க. நான் எடுன்னு சொன்னேன். மாட்டேங்கான்.”

“என்ன சொல்றார்?”

“அதுதான் சார் நான் செஞ்சது, மத்த நாலும் மத்தவங்க செஞ்சதச் சொல்றதுங்கான்.”

இதழாசிரியரிடம் கேட்டால் அந்தக் கட்டுரை அங்கே இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர்களுக்கு அது தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டால், மதிப்பிட்டவர் யார் என்பதும் அங்கே இருக்கும்.

26.08.2024

பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுப்பினேன். ‘ஒரே சிந்தனை ஒரே காலத்தில் இருவருக்குத் தோன்றுவது அறிவியலில் புதிதல்ல. ஐந்தாம் இயல் சுயமான ஆய்வு என்றே கருதுகிறேன். எனக்கு ஆட்சேபம் இல்லை.’

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

06.09.2024

விசாரணையைக் கைவிட்டுவிட்டார்கள். என் பெருந்தன்மையைப் பாராட்டிப் பதிவாளர் தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். “வேற யாராச்சும் இருந்தா அந்தப் புள்ளய வதக்கி எடுத்திருப்பாங்க, நீங்க தெய்வம்” என்றார் சவரிமுத்து.

முட்டிக்குத் தைலம் வாங்கினேன். எட்டாம் தேதி சிங்காநல்லூரில் கல்யாணம், போக மனமில்லை.

18.10.2024
தூத்துக்குடியிலிருந்து திரும்பும் ரயிலில்

வாய்மொழித் தேர்வு இன்று பதினோரு மணிக்கு, அவருடைய கல்லூரிக் கருத்தரங்க அறையில். அறுபது பேர் இருப்பார்கள். முன்வரிசையில் அவர் மனைவி எமிமா, பட்டுச் சேலை கட்டி, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு.

தனசிங்கை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லி, முன் தலையில் வழுக்கை, சட்டைக் கழுத்தில் இஸ்திரி மடிப்பு நிற்கவில்லை. எண்பத்து மூன்றாவது கிலோமீட்டரைப் பக்கத்துத் தெருவைப் போல விளக்கினார். நான் ஐந்து கேள்வி கேட்டேன். ஐந்துக்கும் தெளிவான பதில்.

பிறகு அவையிலிருந்து கேள்வி கேட்கச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்தார். “தம்பி, அஞ்சாவது இயலும் மேடம் பேப்பரும் ஒண்ணு போல இருக்கே. வித்தியாசம் என்ன?”

தனசிங் என்னைப் பார்த்து லேசாகக் குனிந்தார்.

“மேடம் செஞ்சதுதான் முழுசானது சார். என்னுது சின்ன முயற்சி. நான் 2023ல அனுப்பினப்போ ரெண்டாவது ரிவ்யூவர், ‘இந்த முறையே அடிப்படையில் பிழையானது, ஆசிரியருக்கு இத்துறையின் பாலபாடம் தெரியவில்லை’ன்னு எழுதியிருந்தாங்க. அந்தப் பிழை எதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல. அப்புறம் மேடம் பேப்பர் வந்துச்சு. அவங்க அதை எப்படிச் சரி பண்ணிருக்காங்கன்னு வரிவரியாத் தேடினேன், என் அறிவுக்கு எட்டல. மேடம்தான் சொல்லணும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“பிறகு பேசுவோம்” என்றேன்.

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அறிவித்தேன். கைதட்டினார்கள். சவரிமுத்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். எமிமா அழுதார்.

பிரியாணிச் சாப்பாடு. எமிமா என் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் டீச்சர். “நல்லாச் சாப்பிடுங்க மேடம். நீங்க மட்டும் இல்லன்னா எங்க கதி என்ன ஆயிருக்கும்? போன வருசம் ஜூன்ல இதே காலேஜ்ல நிரந்தர போஸ்ட் ஒண்ணு வந்துச்சு. பேப்பர் வந்திருந்தா தீசிஸ் குடுத்திருப்பாவ, பட்டத்தோட அவியளுக்குத்தான் கிடைச்சிருக்கும். பேப்பர் திரும்பிருச்சு. வேற ஆளு வந்துட்டாரு. அன்னையிலருந்து மூணு மாசம் யார்கிட்டயும் பேசல அவிய. எனக்கு அறிவு இல்ல எமிமா, இத்தன வருசம் ஏமாத்திட்டேன்னு சொல்லுவாவ.” அட்டைப்பெட்டியில் அந்த ஊர் இனிப்பு மக்ரூன் கட்டிக் கொடுத்தார். “சாருக்குக் குடுங்க.”

கை கழுவினேன். தனசிங் துண்டோடு நின்றிருந்தார். “மேடம், ஒரு அஞ்சு நிமிசம் எங்க லேபுக்கு வாறீங்களா?”

மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. மேசையில் மூடி கழற்றிய பழைய கணினி, அதன் வயிற்றுக்கு நேராக ஒரு மேசை விசிறி. “சூடாயி நின்னுரும் மேடம், அதான் திறந்தே வச்சிருக்கேன். சனி, ஞாயிறு வருவேன். ஆறு வருசம்.” சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. படம் நான்கு.

“அந்தத் தப்பு என்னன்னு மட்டும் சொல்லிருங்க மேடம். அத்தன பேரு முன்னால சொன்னா என் மானம் போயிரும்னு பாத்திருப்பீங்க. இங்க யாரும் இல்ல.”

அங்கே ஒரு முக்காலி இருந்தது. உட்கார்ந்தேன்.

“தப்பு இல்ல” என்றேன்.

“இல்ல மேடம், ரிவ்யூவர்…”

“அந்த ரிவ்யூவர் நான்தான்.”

அவருக்குப் புரியவில்லை. அவர் முகத்தில் இன்னும் அந்த மரியாதைச் சிரிப்பு இருந்தது. நான் சொன்னேன். “உங்க கட்டுரை எங்கிட்டதான் வந்துது. திருப்பி அனுப்பச் சொன்னது நான். அப்பறம் மார்ச்சுல அதே வழிய எடுத்து நாங்க செஞ்சோம். எங்க பேர்ல போட்டோம். நூருன்னிசாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“அப்போ அதுல தப்பே இல்லையா?” என்றார்.

“இல்ல.”

“படம் நாலு?”

“சரி.”

“முதல்ல எழுதி அனுப்பினேன்ல, அதே… அப்படியே சரியா?”

“சரிதான் தனசிங்.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ஒன்றரை வருசமா இதுல எங்க தப்புன்னு தேடிக்கிட்டிருக்கேன்” என்றார். என்னிடம் சொல்லவில்லை.

வெளியே எமிமா, கார் வந்துவிட்டது என்று கூப்பிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் வழியனுப்ப வரவில்லை. “அவிய சந்தோசத்துல எங்கயோ நிக்கிறாவ போல” என்று எமிமா சொன்னார்.

மக்ரூன் பெட்டி மடியில் இருக்கிறது.

19.10.2024

காலையில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார் போட்டுவிட்டு வந்து அடுப்படி வாசலில் நின்றபடி கேட்டார்.

“இத வயித்துல வெச்சுட்டா இத்தன நாளு சோறு தின்னே?”

“ஆமாங்.”

“அவருகிட்டச் சொல்லியாச்சு. ஊருக்கு?”

நான் அடுப்பைத் தணித்தேன்.

“மூலைல கூட்டிட்டுப் போய்ச் சொன்னா உனக்கு நெஞ்சு லேசாகும், அவருக்கு என்ன ஆகும்? ஊரறிய எடுத்தத ஊரறியத் திருப்பிக் குடு சாந்தா.” குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய செய்தியைப் பார்த்தார். கிழிக்கவில்லை. மாடிக்குப் போய்விட்டார்.

21.10.2024

நூருன்னிசாவிடம் சொன்னேன். என் வாழ்நாளில் இதைவிடக் கடினமாக எதையும் செய்ததில்லை. தனசிங்கிடம் சொன்னதைவிட இது கடினம்.

அவள் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து கேட்டாள். முடித்ததும், “குளிச்சுட்டு இருக்கறப்ப தோணுச்சுன்னு சொன்னீங்க” என்றாள்.

“ஆமா.”

“நான் அத வகுப்புல பசங்களுக்குச் சொல்லியிருக்கேன் மேடம். பெரிய யோசனையெல்லாம் அப்படித்தான் வரும்னு சொன்னேன்.” கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். “முதல் பேர் என்னோடது. எடுத்ததுன்னு வெளிய வந்தா, எடுத்தவ நானாத்தான தெரிவேன்? டிசம்பர்ல எனக்கு இன்டர்வியூ.”

“உனக்குத் தெரியாதுன்னு எழுதறேன்.”

“எழுதுங்க. யார் நம்புவாங்க?”

எழுந்து போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

23.10.2024

தனசிங் கட்டுரையைத் திருப்பிய இதழாசிரியருக்கும், எங்கள் கட்டுரை வந்த இதழுக்கும், மைய இயக்குநருக்கும், பல்கலைக்கழகத்துக்கும் ஒரே கடிதம். நடந்ததைத் தேதிவாரியாக எழுதினேன். ஆகஸ்டில் நான் கொடுத்த கருத்து, உண்மையை மறைப்பதற்காக எழுதியது என்பதையும் எழுதினேன். ‘நூருன்னிசா அறியார்’ என்ற வாக்கியத்தை முதல் பத்தியில் வைத்தேன். நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன், ஒருவருக்கு அனுப்பிவிட்டு மனம் மாறக்கூடாது என்று.

அதன் பிறகு ரேஷன் கடைக்குப் போனேன். துவரம்பருப்பு இல்லை.

11.12.2024

குழு விசாரித்தது. கட்டுரையைத் திரும்பப் பெற முடிவு. திட்டத்திலிருந்து என்னை நீக்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். மதிப்பீட்டுப் பணிகளில் இனி எனக்கு இடமில்லை. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தனசிங்கிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் எழுதிய பதிலைத் தலைவர் வாசித்துக் காட்டினார். நான்கு வரி. ‘யார் மீதும் நடவடிக்கை கோரவில்லை. என் கட்டுரைக்கு நான் அனுப்பிய தேதி திரும்பக் கிடைத்தால் போதும். முனைவர் நூருன்னிசா மூன்று செயற்கைக்கோள்களில் செய்த சோதனை நல்ல உழைப்பு. அது வீணாகாமல் தனியாக வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.’

நூருன்னிசா என் எதிரே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அழுதாள்.

20.12.2024

நூருன்னிசாவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

06.02.2025

தனசிங்கின் கட்டுரை வெளிவந்துவிட்டது. முதல் பக்கத்தின் அடியில், ‘பெறப்பட்டது: ஜனவரி 2023’. ஒரு வரியையும் அவர் மாற்றவில்லை. பதினான்கு எழுத்துப் பிழைகளை மட்டும் யாரோ திருத்தியிருக்கிறார்கள்.

நூருன்னிசா அவரோடு சேர்ந்து அடுத்த கட்டுரை எழுதுகிறாள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். என்னிடம் அவள் சொல்லவில்லை.

28.02.2025

கடைசி நாள். வழியனுப்புக் கூட்டம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மேசையைக் காலி செய்ய இரண்டு மணி நேரம் ஆனது. வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போனார்.

09.03.2025

காலையில் தனசிங்கின் எண்ணுக்கு அழைத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த அறையில் நான் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. அது போன வாரம்தான் நினைவுக்கு வந்தது. குழுவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

எமிமா எடுத்தார்.

“அவிய ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருக்காவ மேடம். போன வச்சுட்டுப் போயிட்டாவ.”

குரலில் மரியாதை இருந்தது. நலமா என்று கேட்டேன். நலம் என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்க அழைத்தேன் என்றேன்.

“அவிய எப்பவோ மன்னிச்சுட்டாவ. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, ‘எமிமா, நான் எழுதினது சரியாம்’னு சொல்லி, சின்னப் பிள்ள மாதிரி சிரிச்சுட்டே இருந்தாவ. யாரு என்னன்னு மறுநாதான் சொன்னாவ.”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“எனக்குத்தான் மேடம். உங்க இலைக்குப் பக்கத்துல நின்னு நான் என்னெல்லாம் பேசினேன், நீங்க கேட்டுக்கிட்டே சாப்பிட்டீங்க. நானும் தினமும் ஜெபம் பண்ணித்தான் பாக்கேன். மன்னிக்க மனசு வர மாட்டேங்கு.”

“வர வேண்டாம் எமிமா” என்றேன்.

“அவிய வந்தா கூப்பிட்டீங்கன்னு சொல்லுதேன்.”

“சொல்லுங்க” என்றேன். அவர் வைக்கும் வரை நான் வைக்கவில்லை.